வெயிலும் முகமும்: ‘காதல்’, ‘வழக்கு எண் 18/9’ ஆகிய படங்களின் ஒளிப்பதிவில் படச்சுருளும் டிஜிட்டலும்

தமிழ்த் திரைப்படங்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கதை, பாத்திரப் படைப்பு, சாதி, பால்நிலை, அரசியல் ஆகிய தளங்களிலேயே நிகழ்ந்துவந்துள்ளன. ஒளிப்பதிவு பேசப்படும் இடங்களிலும் ‘அழகு’, ‘இயல்பு’ என்னும் இரு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. படச்சுருளிலிருந்து டிஜிட்டல் பதிவுக்குத் தமிழ்த் திரை மாறிய பத்தாண்டுக் காலம், ஏறத்தாழ 2004 முதல் 2014 வரை, இக்குறையை வெளிப்படையாக்குகிறது. அம்மாற்றத்தைப் பற்றி இரண்டு வாய்பாடுகளே மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டுவருகின்றன. படச்சுருளுக்கு உயிர் உண்டு, டிஜிட்டல் தட்டையானது என்பது ஒன்று. டிஜிட்டல் வந்ததால்தான் எளிய மனிதர்களைப் பற்றிய எதார்த்தப் படங்கள் சாத்தியமாயின என்பது மற்றொன்று. ஒன்று இழப்பைப் பாடுகிறது. மற்றொன்று விடுதலையைக் கொண்டாடுகிறது. ஆயினும் இரண்டும் கருவியிலிருந்து நேரே பாணிக்குத் தாவுகின்றன. இடையில் நிற்கும் ஒளிப்பதிவாளரின் தெரிவுகள் இரண்டிலும் கணக்கில் வருவதில்லை.

இவ்விரு வாய்பாடுகளையும் சோதிப்பதற்குப் பொருத்தமான ஓர் இணை தமிழிலேயே உள்ளது. பாலாஜி சக்திவேல் இயக்கிய ‘காதல்’ (2004), ‘வழக்கு எண் 18/9’ (2012) ஆகிய இரு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன். முன்னது படச்சுருளில் பதிவானது. பின்னது கேனான் 7டி என்னும் நிழற்படக் கேமராவில் எடுக்கப்பட்டது. இரண்டிலும் புதுமுகங்களே மிகுதி. இரண்டிலும் தெருவே களம். இரண்டிலும் வர்க்கமும் சாதியும் பணமும் இளையோரின் விருப்பத்தை நசுக்குகின்றன. இயக்குநர், ஒளிப்பதிவாளர், உலகம் ஆகிய மூன்றும் மாறாதிருக்கக் கருவி மட்டும் மாறிய இத்தகைய இணை ஒப்பீட்டுக்கு எளிதில் வாய்ப்பதன்று. (இடையில் வந்த ‘கல்லூரி’க்கு ஒளிப்பதிவாளர் செழியன் என்பதால் அது இவ்வொப்பீட்டில் சேராது.)

டிஜிட்டல் பதிவு தமிழுக்கு ‘வழக்கு எண்’ வழியாக வரவில்லை. பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ (2004), சிங்கீதம் சீனிவாசராவின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ (2005), ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்ட ‘உன்னைப்போல் ஒருவன்’ (2009) ஆகியவை முன்னரே அவ்வழியில் சென்றவை. ஆனால் அவற்றில் பயன்பட்டவை திரைப்படத்துக்கென்றே செய்யப்பட்ட கருவிகள். ‘வழக்கு எண்’ணின் கேமரா, திருமண நிழற்படம் எடுப்பவரின் தோளிலும் தொங்கக்கூடியது. கடைத்தெருவில் கிடைக்கும் அப்பொருளை வைத்து எடுத்த படம் தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அதே 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஃபியூஜி நிறுவனம் திரைப்படச் சுருள் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அவ்வாண்டிலேயே அறிவித்தது. படத்தின் வரலாற்று இடம் இதனால் விளங்கும்.

இரு பொருள்களும் இரு விதிகளும்

நெகட்டிவ் சுருளும் மின்னணு உணரியும் ஒளியை ஏற்கும் முறை வேறு. நெகட்டிவில் ஒளி மிகும்போது அடர்த்தி ஒரே சீராக ஏறிச்சென்று உச்சியில் மெல்ல வளைந்து தளர்கிறது. வெள்ளைச் சுவரில் மோதும் உச்சி வெயில்கூட அதில் திடீரென அழிந்துவிடுவதில்லை, படிப்படியாகவே வெளிறுகிறது. நிழற்பகுதியில் போதிய ஒளி விழவில்லையென்றால்தான் அங்கு ஒன்றும் பதியாமற் போகும். ஆகவே ‘நிழலுக்கு ஒளியளவு வை’ என்பது படச்சுருள் காலத்தின் அடிப்படைப் பாடம். உணரியின் நடத்தை இதற்கு நேர்மாறானது. ஒளி ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்தப் புள்ளி நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் வெண்மை மட்டுமே எஞ்சும். பின்னர் எந்த வண்ணச் சீரமைப்பாலும் அங்கிருந்து எதையும் மீட்க இயலாது. நிழற்பகுதியிலோ ஓரளவு தகவல் தங்கியிருக்கும். எனவே ‘வெளிச்சத்தைக் காப்பாற்று’ என்பது டிஜிட்டலின் முதல் பாடமாயிற்று.

ஒளிப்பதிவாளர்களுக்கு இது அரிச்சுவடி. ஆயினும் திரைப்பட விமர்சனம் இதன் விளைவுகளை எண்ணிப்பார்த்ததில்லை. தமிழ்நாட்டின் நண்பகல் தெருவில் கருநிறத் தோல் உடைய ஒருவர் நிற்கிறார். பின்னால் சுண்ணாம்புச் சுவரோ வெளிறிய வானமோ உள்ளது. முதல் விதி முகத்துக்காகக் கணக்கிடுகிறது. இரண்டாம் விதி சுவருக்காகக் கணக்கிடுகிறது. கருவி மாறியபோது தொழிற்பழக்கத்தின் முன்னுரிமையே முகத்திலிருந்து சுவருக்கு நகர்ந்தது. உழைக்கும் மக்களைப் படமெடுக்கும் ஒரு திரைப்பண்பாட்டில் இது வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நின்றுவிட முடியாது.

படச்சுருளும் இவ்விடயத்தில் குற்றமற்றதன்று. அமெரிக்க நிழற்படக்கூடங்களில் நிறச் சமனுக்காகப் பயன்பட்ட மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் உடைய பெண்களின் முகங்களே இருந்தன. அந்த அளவுகோலில் வளர்ந்த நிறச்சுருள்கள் கருநிறத் தோலின் நுண்வேறுபாடுகளுக்குப் பின்தங்கியே நின்றன. தமிழ்த் திரை அந்தக் குறையைப் பல்லாண்டுகள் முகப்பூச்சாலும் மிகை ஒளியாலும் மூடியது. நாயகன் முகத்தில் ஒளியைக் கொட்டும் வழக்கத்துக்கு அழகியலோடு சுருளின் வேதியியலும் ஒரு காரணம். பாலு மகேந்திராவும் பி.சி. ஸ்ரீராமும் அவ்வழக்கத்தை முறித்தது படச்சுருளில்தான். ‘நாயகன்’ (1987) படத்தின் மேலிருந்து விழும் ஒளியில் கண்குழிகள் இருண்டே கிடக்கின்றன. ஆகவே இயற்கை ஒளியும் இருளை மதிக்கும் பாங்கும் டிஜிட்டலின் கொடைகள் என்னும் கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாதது.

வெயிலில் ஒரு முகம்

‘காதல்’ மதுரையின் படம். இருசக்கர வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறையில் வேலை செய்யும் முருகன், செல்வாக்கு மிகுந்த குடும்பத்துப் பள்ளி மாணவி ஐஸ்வர்யா ஆகியோரின் கதை, அந்நகரின் தெருக்களையே நடமாட்டக் களமாகக் கொள்கிறது. பட்டறையின் உட்புற நிழலும் வாசலுக்கு வெளியே கொதிக்கும் வெயிலும் ஒரே சட்டகத்தில் இடம்பெறும் வகையில் அவ்வுலகம் அமைந்துள்ளது. முருகனின் கைக் கறையும் முகத்து வியர்வையும் நிழலில் உள்ளன. தெருவின் அசைவு வெளிச்சத்தில் உள்ளது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் அகலம் நெகட்டிவுக்கு உண்டு. இதனால் ‘காதல்’ படத்தில் மனிதரும் தெருவும் பிரிவதில்லை. ஐஸ்வர்யாவைப் பின்தொடரும் பார்வை எப்போதும் ஊருக்குள்ளிருந்தே எழுகிறது. ஊர் இருவரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்னும் அச்சம், பின்னணி தெளிவாக இருப்பதாலேயே பிறக்கிறது. அவர்கள் சென்னைக்கு ஓடிச்சென்று மேன்சன் அறையில் தங்கும் பகுதியில், இடநெருக்கடி அந்தத் தெளிவைச் சிறுக்கச் செய்கிறது. ஊரின் கண்கள் விலகிய அந்தச் சில நாட்களே அவர்களுக்குக் கிடைத்த இல்லறம்.

‘வழக்கு எண்’ சென்னையின் படம். வேலு கையேந்தி பவனில் வேலை செய்கிறான். இரவில் நடைபாதையே அவன் படுக்கை. ஜோதி அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் பெண். அவள் முகத்தில் அமிலம் வீசப்படுகிறது. வேலு சந்தேகத்துக்கு உள்ளாகிறான். ஆய்வாளர் குமாரவேலிடம் முதலில் வேலுவும் பின்னர் ஆர்த்தி என்னும் பள்ளி மாணவியும் தத்தம் கதையைச் சொல்கின்றனர். ஆர்த்தியின் கதையில் தினேஷ் என்னும் பணக்கார வீட்டுப் பையன் வருகிறான். அவளறியாமல் அவளைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறான். அமிலம் ஆர்த்திக்கென எடுத்துவரப்பட்டது. விழுந்தது ஜோதி மேல். உண்மை முழுவதையும் அறிந்த ஆய்வாளர் அதைத் தன் ஆதாயத்துக்கான பேரப்பொருளாக்கிக்கொண்டு வேலுவைக் குற்றவாளியாக்குகிறார்.

கேனான் 7டி, 1920×1080 புள்ளிகள் கொண்ட காணொலியைப் பதிகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள் மட்டுமே உண்டு. ஒளியளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே பதியும். நிறத் தகவலோ அதன் கால்பங்கு நுணுக்கத்திலேயே சேமிக்கப்படும். இதற்கு மேல் கடுமையான தகவல் சுருக்கமும் நிகழ்கிறது. நிழற்படம் எடுக்கும்போது இக்கருவி சேமிக்கும் வளத்துக்கும் காணொலியில் அது தரும் எளிமைக்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. கருநிற முகத்தின் மேல் படரும் மெல்லிய நிறமாற்றம்தான் இச்சுருக்கத்துக்கு முதலில் பலியாகிறது. கன்னத்திலிருந்து தாடைக்கு இறங்கும் நிழல் நெகட்டிவில் தொடர்ச்சியான இறக்கமாகப் பதியும். இங்கு அது படிக்கட்டாக உடைகிறது.

இந்த வரம்பை வைத்துப் பார்க்கும்போதுதான் விஜய் மில்டனின் தெரிவுகள் புரிகின்றன. நண்பகல் வெயிலையும் முகத்தையும் ஒருசேர வெல்ல இக்கருவியால் இயலாது. ஆகவே படம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறது. வேலுவின் முகம் தேவைப்படும் இடங்களில் வானமும் தூரத்துக் கட்டடமும் வெளிறிப்போக விடப்படுகின்றன. புதிய விதி சுவரைக் காக்கச் சொல்கிறது. ஒளிப்பதிவாளர் முகத்தைக் காக்கிறார். நகரின் பின்புலம் வெண்மையில் கரைவதைத் தொழிற்பிழை என்று கூற இடமுண்டு. ஆனால் வானத்தின் விவரத்தைவிட வேலுவின் கண்கள் முக்கியம் என்று படம் முடிவெடுத்துள்ளது. படச்சுருளில் இத்தகைய தெரிவுக்குத் தேவையே எழுந்திருக்காது. இரண்டும் கிடைத்திருக்கும், எது முதன்மையானது என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கருவியின் வறுமை ஒரு நிலைப்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இரவுக் காட்சிகளின் நிலை வேறு. 2004இல் பரவலாகக் கிடைத்த விரைவுச்சுருளின் உணர்திறன் 500 என்னும் அளவில் இருந்தது. தெருவிளக்கை மட்டும் நம்பி நடைபாதையைப் பதிய அது எளிதில் போதாது. விளக்குவண்டியும் மின்னாக்கியும் வந்தாக வேண்டும். வந்தால் கூட்டம் கூடும். கூடினால் நடைபாதை நடைபாதையாக இராது. 7டியில் உணர்திறனைப் பல மடங்கு உயர்த்தலாம். அக்காலச் சென்னையின் சோடியம் ஆவி விளக்குகளே போதுமானவையாயின. ஆனால் அம்மஞ்சள் ஒளியின் நிறமாலை குறுகியது. அதன்கீழ் தோலும் சட்டையும் சுவரும் ஒரே நிறக்குடும்பத்துக்குள் ஒடுங்கிவிடுகின்றன. வேலுவின் இரவுலகில் நிறங்கள் குறைவாக இருப்பதை வறுமையின் குறியீடாக வாசிக்கத் தோன்றும். மாநகராட்சி விளக்கின் பௌதிகமே அதற்குப் போதிய காரணம். குறியீட்டு வாசிப்பில் ஆர்வம் மிகுந்த ஆய்வாளர்கள் இங்கு சற்றே நிதானிக்க வேண்டும்.

மங்கிய தெரு

‘வழக்கு எண்’ படத்தில் உடனே கண்ணில் படும் இயல்பு அதன் குறைந்த குவிய ஆழம். முகம் கூர்மையாக இருக்கும். ஓரடி பின்னால் உள்ளவை மங்கிவிடும். டிஜிட்டலின் முத்திரை என்று இதனைக் கூறுவது வழக்கம். உண்மையில் இது டிஜிட்டலின் இயல்பே அன்று. முந்தைய காணொலிக் கேமராக்களின் உணரிகள் மிகச் சிறியவை; அவற்றில் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவே ‘தொலைக்காட்சித்தனம்’ என்று பழிக்கப்பட்டது. 7டியின் உணரி ஏறத்தாழ 22×15 மி.மீ. அளவு உடையது, 35 மி.மீ. படச்சுருளின் சட்டகத்துக்கு நெருக்கமானது. எனவே நிழற்படக் கேமராவைத் திரைத்துறை வரவேற்றதற்குக் காரணம் புதிய பார்வை தரும் என்பதன்று. மலிவான விலையில் பழைய பார்வையின் சாயலைத் தரும் என்பதே. படச்சுருளை ஒழித்ததாகச் சொல்லப்படும் கருவி படச்சுருளைப் போலத் தோன்றியதாலேயே ஏற்கப்பட்டது.

ஆயின் ‘காதல்’ படத்தில் தெரு ஏன் இவ்வளவு மங்கவில்லை? சட்டக அளவு நெருக்கமாக இருப்பதால், வேறுபாட்டுக்குக் காரணம் லென்சின் திறப்பிலும் கேமராவின் தொலைவிலும் உள்ளது. நிழற்பட லென்சுகளை அகலத் திறந்து, குறைந்த ஒளியில், முகத்துக்கு அருகே நின்று எடுக்கும்போது குவிய ஆழம் சில விரற்கடை அளவுக்குச் சுருங்கும். திரைப்பட லென்சில் குவியத்தை மாற்றும் வளையம் நீண்ட தூரம் சுழல்வது; ஃபோகஸ் புல்லர் அளந்து திருப்ப வசதியானது. நிழற்பட லென்சின் வளையம் சிறு அசைவிலேயே முழுத்தூரமும் ஓடிவிடும். நடிகர் ஓர் அடி முன்னால் வந்தாலும் முகம் மங்கிவிடக்கூடும். ஆகவே பாத்திரங்களை நிலையாக நிறுத்துவது அல்லது உட்கார வைப்பது பாதுகாப்பான வழி. வாக்குமூலத்தை அடிப்படையாகக் கொண்ட திரைக்கதை இதற்கு நன்கு பொருந்தியது. காவல் நிலையத்தில் ஒருவர் அமர்ந்து சொல்கிறார், மற்றொருவர் கேட்கிறார். கருவியின் தயக்கமும் கதையின் வடிவமும் ஒன்றையொன்று தாங்கின.

இவ்விடத்தில் படத்தின் மீது ஒரு விமர்சனமும் எழுகிறது. ‘வழக்கு எண்’ வர்க்கத்தைப் பற்றிய படம். வேலுவுக்கு நேர்ந்தது தனிமனித அவலமன்று. கடன், கொத்தடிமைத்தனம், புலம்பெயர்வு, காவல்துறையின் பேரம் ஆகியவற்றின் விளைவு அது. திரைக்கதை இத்தொடர்ச்சியை உறுதியாகச் சொல்கிறது. ஆனால் மங்கிய பின்னணி தனிமுகத்தை அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுக்கிறது. கையேந்தி பவனில் உண்ணும் மற்றவர்கள், அருகில் படுத்திருப்பவர்கள், தெருவைக் கடப்பவர்கள் எல்லோரும் ஒளிவட்டங்களாகக் கரைகின்றனர். வேலுவின் மீது இரக்கம் கூடுகிறது. வேலுவைப் போன்ற பிறர் காட்சியிலிருந்து குறைகின்றனர். ‘காதல்’ படத்தில் ஊர் கண்காணிப்பாக இருந்தது. கொடியதாயினும் அது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கு நகரம் அழகிய மங்கலாகிவிடுகிறது. சமூகத்தைக் குற்றஞ்சாட்டும் ஒரு படத்தில் சமூகமே குவியத்துக்கு வெளியே நிற்பது அதன் பாணியிலுள்ள உண்மையான முரண். எளிமையான கருவி என்பதால் எதார்த்தம் தானாகவே கூடிவிடும் என்று நம்பியவர்கள் இம்முரணைக் காணத் தவறினர்.

இம்முரணின் அளவை மிகைப்படுத்தவும் வேண்டாம். குடியிருப்பின் உட்புறங்களில் ஒளி சீராக இருப்பதால் குவிய ஆழம் சற்றே கூடுகிறது. ஜோதி வேலைசெய்யும் வீட்டின் அறைகள் தெளிவாகவே தெரிகின்றன. வசதியுள்ளவர்களின் வெளி தெளிவானது. வசதியற்றவர்களின் வெளி மங்கலானது. இயக்குநர் திட்டமிட்டுச் செய்ததாகக் கொள்ள வலுவான சான்று படத்துக்குள் இல்லை. ஒளியின் அளவே வர்க்கத்தின் அளவாகப் படிந்துவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

கையில் அடங்கும் கேமரா

‘வழக்கு எண்’ படத்தின் மையக் குற்றங்களுள் ஒன்று படமெடுத்தல். தினேஷ் ஆர்த்தியின் அனுமதியின்றி அவளைக் கைப்பேசியில் பதிகிறான். அதை அவள் கண்டுபிடிக்கும் கணத்தில் நட்பு அச்சமாக மாறுகிறது. அந்தப் பதிவிலிருந்தே கதை அமிலத்தை நோக்கிச் சரிகிறது. இங்கு கவனிக்க வேண்டியது, தினேஷின் கருவிக்கும் விஜய் மில்டனின் கருவிக்கும் உள்ள உறவு. இரண்டிலும் உள்ளவை ஒரே வகைத் தொழில்நுட்பத்தின் உணரிகள்; இரண்டும் சிறியவை; இரண்டும் பிறர் கவனத்தை ஈர்க்காதவை. தெருவில் நிழற்படக் கேமராவோடு நிற்பவரைத் திரைப்படக் குழுவினர் என்று எவரும் எண்ணுவதில்லை. இவ்வசதியே படத்துக்கு நடைபாதையைத் திறந்துவிட்டது. மறைவாகப் படமெடுக்கும் அதே திறனைத்தான் படம் தன் கதைக்குள் குற்றமாகக் காட்டுகிறது.

படச்சுருள் கேமராவுக்கு இச்சிக்கல் இல்லை. அதன் எடை, ஓசை, தாங்கி, குழு எல்லாம் சேர்ந்து ‘இங்கே படப்பிடிப்பு நடக்கிறது’ என்று அறிவித்துவிடும். ‘காதல்’ படத்தின் மதுரைத் தெருவிலும் ஊரார் கேமராவைக் கண்டிருப்பர். ஒதுங்கியோ கூடிநின்றோ இருப்பர். அந்தப் பருமன் தொழிலுக்கு இடையூறாக இருந்தது. படமெடுக்கப்படுபவருக்கு ஓர் எச்சரிக்கையாகவும் இருந்தது. சிறிய கருவி அவ்வெச்சரிக்கையை நீக்கிவிட்டது. பின்னணியில் அறியாமலே இடம்பெற்ற நடைபாதைவாசியின் முகம் மங்கலாக இருப்பது, முற்பகுதியில் குறையாகச் சுட்டப்பட்டது. ஒப்புதல் என்னும் கோணத்தில் பார்த்தால் அதே மங்கல் அவருக்கு ஒரு திரையாகவும் அமைகிறது. இரண்டு வாசிப்புகளும் ஒரே சட்டகத்தில் உண்மையாக இருக்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடத் தேவையில்லை.

தன் கேமராவுக்கும் தினேஷின் கைப்பேசிக்கும் உள்ள உறவைப் படம் உணர்ந்துள்ளதா என்பது வேறு கேள்வி. படம் அவ்விரண்டையும் பிரித்து நிறுத்தவே முயல்கிறது. கைப்பேசிப் பார்வை நடுங்குவது, திருட்டுத்தனமானது. படத்தின் பார்வையோ நிதானமானது, முகத்துக்கு நேராக நிற்பது. வேலுவும் ஆர்த்தியும் தாமே முன்வந்து பேசுகின்றனர். அவர்களது சொல்லே காட்சியாக விரிகிறது. பேசுபவரின் இசைவோடு விரியும் காட்சி, இசைவின்றித் திருடப்பட்ட காட்சி என்னும் வேறுபாட்டைப் படம் இவ்வாறு பாணியால் நிறுவுகிறது. படத்தின் ஒளிப்பதிவுச் சாதனைகளுள் முதலாவதாக இதனையே குறிக்க வேண்டும். அகன்ற சட்டகங்களின் அழகைப் பாராட்டிய அளவுக்கு விமர்சகர்கள் இதனைப் பேசவில்லை. இந்நிறுவலை உடைப்பவர் குமாரவேல். இசைவோடு தரப்பட்ட வாக்குமூலமும் அவர் கையில் திருடப்பட்ட படத்தைப் போலவே விற்பனைப் பொருளாகிறது.

சுருளின் நீளம்

டிஜிட்டலால்தான் புதுமுகங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது என்பது பரவலான கருத்து. ‘காதல்’ அதற்கு நேரடி மறுப்பு. பரத்தைத் தவிர அப்படத்தில் பலர் திரைக்குப் புதியவர்கள். படச்சுருள் விலையுயர்ந்தது, ஆயினும் ஒத்திகையால் அச்செலவு ஈடுசெய்யப்பட்டது. மாறியது வாய்ப்பன்று, வேலை முறை. 1000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஒவ்வொரு டேக்கும் பணமாகக் கணக்கிடப்படும். ஆகவே கேமரா ஓடுவதற்கு முன்பே நடிப்பு உருப்பெற்றாக வேண்டும். டிஜிட்டலில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே நடிப்பைத் தேடலாம். 7டியின் ஒரு கோப்பும் 4 ஜிபி எல்லையால் 12 நிமிட அளவில் நின்றுவிடும் என்பது ஒரு வேடிக்கை. நேர எல்லை ஒன்றுதான். அதைக் கடப்பதற்கான விலை மட்டும் மறைந்துவிட்டது. வேலுவாக நடித்த ஸ்ரீயின் தயங்கிய பேச்சும் இடைவெளிகளும் இப்புதிய முறையின் பயனாக இருக்கலாம். ஆனால் பரத்தின் இறுதிக் காட்சி, சாலைச் சந்திப்பில் மனம் பிறழ்ந்து அலையும் முருகன், முந்தைய முறையில் விளைந்தது என்பதையும் மறக்கலாகாது.

டிஜிட்டல் என்றாலே எதார்த்தம் என்று கொள்வோருக்கு ‘கோச்சடையான்’ (2014) போதிய விடை.

முகப்பூச்சைப் பற்றி ஒரு சொல். ‘வழக்கு எண்’ படத்துக்கு ஒப்பனைக்கான தேசிய விருதும் கிடைத்தது. அமிலத்தால் எரிந்த ஜோதியின் முகம் செய்யப்பட்ட முகம். ஆனால் அண்மைக் காட்சியில் அது செய்யப்பட்டதாகத் தோன்றலாகாது. நெகட்டிவின் துகள்கள் சட்டகத்துக்குச் சட்டகம் இடம் மாறுபவை. அந்த ஓயாத அசைவில் ஒப்பனையின் விளிம்புகள் ஓரளவு கரைந்துவிடும். உணரியின் புள்ளிகள் அசையாதவை. விளிம்பு அப்படியே நின்றுவிடும். டிஜிட்டல் வந்தபின் ஒப்பனைக் கலைஞரின் பணி கடினமாயிற்று. ஒளிப்பதிவு வரலாற்றில் அவர்களுக்கும் இடம் உண்டு என்பதை இவ்விருது தற்செயலாகவேனும் பதிவு செய்துள்ளது.

எந்தப் பிரதி?

இத்தகைய ஒப்பீட்டில் ஈடுபடும் ஆய்வாளர் இன்று எதைப் பார்க்கிறார் என்பது கடைசியாக எழும் சிக்கல். ‘காதல்’ 2004இல் திரையரங்குகளில் பாசிட்டிவ் பிரதிகளாக ஓடியது. ஒவ்வொரு பிரதியும் ஓட ஓடக் கீறலுற்றது. மதுரையில் ஓடியதும் சிற்றூரில் பல வாரம் கழித்து ஓடியதும் ஒன்றல்ல. இன்று கிடைப்பது குறுவட்டுக்கோ தொலைக்காட்சிக்கோ மாற்றப்பட்ட காணொலி. அம்மாற்றத்தில் நெகட்டிவின் அகலம் பெருமளவு நசுங்கியிருக்கும். சட்டகத்தின் ஓரங்கள் வெட்டுண்டிருக்கவும் கூடும். அதாவது ‘காதல்’ படத்தின் இன்றைய தோற்றம் ஏற்கெனவே டிஜிட்டல் தோற்றம். ‘வழக்கு எண்’ வந்தபோது கியூப் முதலிய டிஜிட்டல் திரையிடல் முறைகள் தமிழகத்தில் பரவிவிட்டன. அதன் திரையரங்கப் பிரதிக்கும் மூலக் கோப்புக்கும் இடைவெளி குறைவு. ஆனால் இணையத்தில் அதனைக் காண்பவர், ஏற்கெனவே சுருக்கப்பட்ட காணொலியை மீண்டும் சுருக்கிய வடிவில் காண்கிறார். வேலுவின் முகத்தில் தெரியும் படிக்கட்டு நிழல் கேனானுடையதா, ஒளிபரப்புத் தளத்தினுடையதா என்பதை மூலக்கோப்பு இன்றித் தீர்மானிக்க இயலாது. மேலே முகம், சுவர் குறித்துக் கூறப்பட்ட முடிவுகள் சட்டக அமைப்பையும் ஒளியளவையும் சார்ந்தவை என்பதால் இவ்வையத்தைத் தாங்கும். தோலின் நுண்ணிறம் குறித்தவை அந்த அளவுக்குத் தாங்கா.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பிரதியாகக் கிடைப்பதில்லை. படச்சுருள் எரியும், நொதிக்கும், வெள்ளிக்காக உருக்கப்படும். ஆனால் தப்பிய ஒரு சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் உருவம் தெரியும். 2012இன் கோப்புகள் தங்கியிருக்கும் வன்தட்டுகளுக்கு அந்த வாய்ப்பில்லை. அவை சுழலாமற் போனால் எந்த விளக்கும் உதவாது. ‘காதல்’ படத்தின் நெகட்டிவும் ‘வழக்கு எண்’ணின் மூலக்கோப்புகளும் எங்கு, எந்நிலையில் உள்ளன என்பதைக் கண்டறிந்து, ஒரே திரையில், ஒரே அளவில், அடுத்தடுத்துத் திரையிட்டுப் பார்ப்பதே இவ்வொப்பீட்டின் அடுத்த பணி.